கண்ணாடியின் மறுபுறம்

ஐரோப்பாவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது எம்மிடம் இரண்டு நிழற்படங்களைத் தந்து சென்றார். அங்குள்ள பழம்பொருள் வணிகர் ஒருவரின் கடையிலே, பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென விலை கூறப்பட்ட ஒரு கண்ணாடிப் பலகையை முன்னும் பின்னுமாக எடுத்த படங்கள் அவை. முதற்படத்தில், இருள்போன்ற கருமையின் நடுவே பொன்னொளி வீசும் ஒரு குதிரை, முன்னங்கால்களை மடித்து உயர்த்தி, பின்னங்கால்களின் மீது தன் பாரம் முழுவதையும் தாங்கி நிற்கின்றது. அதன் முதுகிலே மூன்று மூலைத் தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்த பிரபு ஒருவர், நிலத்திலே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர் போன்ற அமைதியோடு வீற்றிருக்கின்றார். குதிரையின் பிடரிமயிர் ஒவ்வொன்றும் ஊசிமுனையாற் கீறப்பட்டுள்ளது. இரண்டாவது படத்தில் இவற்றுள் எதுவுமில்லை. உரிந்தும் வெடித்தும் போன கறுப்புப் பூச்சு மட்டுமே உண்டு. எங்கேனும் ஒரு பெயரோ கையொப்பமோ இருக்குமா எனத் தேடினோம், கிடைக்கவில்லை.

இப்படங்களை எமது வாசகர் வட்டத்து மாணவரிடையே சுற்றுக்கு விட்டோம். உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிட்டன. “எவ்வளவு அழகு! அழகுக்கு வர்க்கம் ஏது?” என்றார் ஒருவர். “பிரபுக்களின் சுவரை அலங்கரித்த விளையாட்டுப் பொருள் இது. இக்கண்ணாடி உடைந்து போயிருந்தால் உழைக்கும் மக்களுக்கு என்ன நட்டம்?” என்று கேட்டார் மற்றொருவர். முதலாமவர் கூறியது நாம் பலகாலமாக எதிர்த்துவரும் ‘கலை கலைக்காகவே’ என்னும் கூற்றின் மறுபதிப்பு. இரண்டாமவரின் கேள்வியோ எம்மை உறங்கவிடவில்லை. ஏனெனில் பத்தாண்டுகளுக்கு முன் நாமே அவ்வாறு பேசியவர்கள். அன்று அப்பேச்சு எமக்கு முற்போக்கின் உச்சமாகத் தோன்றிற்று. அம்மாணவருக்கு அன்று மாலை நாம் அளித்த விடை அரைகுறையானது. அதனை முழுமைப்படுத்தும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் இப்பொருள் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். செய்முறையை அறியாது செய்பொருளை மதிப்பிடுவது, உழைப்பை மறந்து சரக்கை மட்டும் காண்பதற்கு ஒப்பாகும். பொன்னைச் சம்மட்டியால் அடித்து அடித்து, மூச்சுக்காற்றுப் பட்டாலும் பறந்துவிடும் தங்கரேக்காக்குகின்றனர். மீன்பசை போன்ற ஒரு மெல்லிய பசைநீரைக் கண்ணாடியின் பின்புறத்தில் தடவி, அந்த ரேக்கை அதன்மீது படியவிடுகின்றனர். அது உலர்ந்தபின், ஊசியாலும் கூர்மரத்தாலும் பொன்னைச் சுரண்டிச் சுரண்டி உருவத்தைத் தீட்டுகின்றனர். ஈற்றிலே கறுப்பு வண்ணத்தைப் பூசி மூடுகின்றனர். கீறல்களின் ஊடே கருமை கோடாகத் தெரியும். எஞ்சிய பொன் உருவாக ஒளிரும். கண்ணாடியில் வண்ணம் தீட்டும்போதும் முறை இதுவே: சாதாரண ஓவியன் இறுதியிலே இடும் கண்மணியையும் பொத்தானையும் கண்ணாடி ஓவியன் முதலிலேயே இட்டுவிடல் வேண்டும். பின்னணி கடைசியிலே வரும். ஒருமுறை பிழைத்தால் திருத்துவது அரிது.

பிரெஞ்சுக்காரர் இம்முறையை ‘எக்லோமிசே’ என அழைப்பர். பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரில் வாழ்ந்து, 1786இல் மறைந்த ஜோன் பப்தீஸ்த் குளோமி என்பவரின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. படங்களுக்குச் சட்டமிட்டு, அவற்றைச் சுற்றியுள்ள கண்ணாடி விளிம்பைப் பொன்கோடுகளால் அலங்கரித்தவர் குளோமி. ஆயின் இத்தொழிலை அவர் கண்டுபிடித்தாரில்லை. உரோமர் காலத்திலேயே இரு கண்ணாடிகளுக்கு இடையில் பொற்படலத்தை வைத்து உருவந் தீட்டும் வழக்கம் இருந்தது. 1400ஆம் ஆண்டளவில் இத்தாலியரான செனினோ செனினி எழுதிய கைத்தொழில் நூலிலே, கண்ணாடியிற் பொன்னை ஒட்டி ஊசியாற் கீறும் முறை விளக்கப்பட்டுள்ளது. பதினைந்து நூற்றாண்டுக்கு மேலாகப் பெயரறியாத கைகள் வளர்த்த தொழிலுக்கு, பிரபுக்களின் அறைகளோடு தொடர்புகொண்ட ஒருவரின் பெயர் நிலைத்துவிட்டது. வரலாற்றின் பல பக்கங்கள் இவ்வாறே எழுதப்பட்டுள்ளன. ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த யோனாஸ் சொய்னர் போன்ற சிலர் தம் பொற்கண்ணாடிகளிலே தம் பெயரையும் கீறிவைத்தனர். எம்மிடமுள்ள படத்தின் ஓவியனுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. தஞ்சைக் கண்ணாடி ஓவியங்களைத் தீட்டிய நம்மவர் பலரின் நிலையும் இதுவே. கிருஷ்ணனைக் காண்கின்றோம், அரசனைக் காண்கின்றோம், தீட்டியவனைக் காணோம்.

இனிக் குதிரைக்கு வருவோம். அக்குதிரை காட்டும் நிலைக்கு ‘லெவாட்’ என்று பெயர். போர்க்களத்தில் வெருண்டு எழும் குதிரையின் நிலையன்று அது. பல ஆண்டுகள் பழக்கியபின், பின்னங்கால்களை நன்கு மடித்துத் தாழ்ந்து, உடலைச் சரிவாக உயர்த்தி, சில கணங்கள் அசையாது நிற்கும் பயிற்சி. ஐரோப்பாவின் செவ்வியல் குதிரையேற்றக் கலையிலே இது மிக அரிய நிலைகளுள் ஒன்று. அக்கலையைப் பயில்வோர் தம் மூதாதையாகக் கொள்வது, கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூலெழுதிய கிரேக்கரான செனபோனை. அடித்துப் பணியவைத்த குதிரையிடம் அழகு பிறவாது என்பது அவர் கண்ட முடிபு. மறுமலர்ச்சிக் காலத்தில் இத்தாலியிலே புத்துயிர் பெற்ற இக்கலையைப் பிரான்சில் வேரூன்றச் செய்தவர்களுள் அந்துவான் டி புளுவினெல் முதன்மையானவர். 1594இல் பாரிஸில் பிரபு வீட்டு இளைஞருக்காகப் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவி, பின்னர் பதின்மூன்றாம் லூயிக்கும் குதிரையேற்றம் கற்பித்தவர் அவர். 1733இல் பிரான்சுவா றொபிஷோன் டி லா கெரினியேர் வெளியிட்ட ‘குதிரையேற்றப் பள்ளி’ என்னும் பெருநூல் இன்றும் அத்துறையில் வேதமாகப் போற்றப்படுகின்றது.

இந்த நூல்களெல்லாம் செப்புத்தகட்டு அச்சுப்படங்களோடு வெளிவந்தவை. அப்படங்கள் தனித்தாள்களாகவும் பரவின. கண்ணாடியில் வேலைசெய்த கைவினைஞருக்கு அவையே முன்மாதிரிகளாக அமைந்தன. இதனை மனத்திற்கொண்டு முதற்படத்தை மீண்டும் உற்றுநோக்குவோம்.

குதிரை வலப்புறம் நோக்கி நிற்கின்றது. ஆதலால் பிரபுவின் வலப்பக்கமே நமக்குத் தெரிகின்றது. அந்த வலப்பக்க இடையிலே வாள் தொங்குகின்றது! கடிவாள வாரை வலக்கை பிடித்திருக்கின்றது. மெல்லிய பிரம்பு இடக்கையில் நிமிர்ந்து நிற்கின்றது. அக்காலப் பயிற்சிக்கூட ஒழுங்கிற்கு இது நேர்மாறானது. வலக்கையால் உருவுவதற்காக வாள் இடப்புறம் தொங்கும். வாரை இடக்கை பற்றும். பிரம்போ வாளோ வலக்கைக்குரியது. இப்பிரபு இடக்கைப் பழக்கமுடையவரோ என ஒருவர் ஐயுறலாம். எனினும் தனிமனிதரின் பழக்கத்தைப் பொருட்படுத்தாது எல்லாரையும் ஒரே வார்ப்பில் வார்த்தெடுப்பதே அக்கூடங்களின் இயல்பு. ஆகவே வேறொரு விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஓவியன் அச்சுத்தாளின்மேற் கண்ணாடியை வைத்து, தெரிந்த கோடுகளை அப்படியே பொன்னிற் கீறியிருக்கின்றான். கண்ணாடியைத் திருப்பி முன்புறமாகப் பார்க்கும்போது இடம் வலமாயிற்று, வலம் இடமாயிற்று.

இப்பிழை எமக்குப் பெரிதும் உவப்பளிக்கின்றது. பலகையில் எங்கும் பெயர் இல்லை என்றோமே, இதுவே அவனுடைய கையொப்பம்! குதிரையேற்றக் கூடத்தினுள் ஒருநாளேனும் நின்று பார்த்த ஒருவன் இப்பிழையைப் பெரும்பாலும் விட்டிருக்கமாட்டான். இவன் தீட்டிய பெருமிதம் இவனுக்கு உரியதன்று. இவன் கண்டது ஓர் அச்சுத்தாள், பெற்றது கூலி. ஆயினும் குதிரையின் கழுத்துத் தசை இறுகுவதையும், மடிந்த பின்னங்கால் பாரத்தை ஏற்பதையும் ஊசிமுனையாற் காட்டியிருக்கின்றானே, அந்த உணர்வு எங்கிருந்து வந்தது? பாரம் சுமக்கும் உடலை அவன் வேறெங்கோ அறிந்திருக்கவேண்டும். சந்தைக்கு வண்டியிழுக்கும் குதிரையும், மூட்டை தூக்கும் மனிதனும் அவனது தெருவில் இல்லாமலா போயினர்? வாளை இடம்மாற்றித் தொங்கவிட்டவன், பாரத்தை இடம்மாற்றவில்லை. அதனை இருக்கவேண்டிய காலிலேயே இருத்தினான்.

பொருளின் உள்ளடக்கத்தை இனி நோக்குவோம். குதிரைமீது அரசன் என்பது ஐரோப்பிய ஆளும் வர்க்கத்தின் அரசியல் மொழி. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1630களிலே, மத்ரித் நகரின் புவென் ரெத்தீரோ அரண்மனைக்கெனத் தீட்டிய ஓவியங்களை எடுத்துக்கொள்வோம். நான்காம் பிலிப் மன்னன் ஒற்றைக் கையால் வாரைப் பிடித்திருக்க, குதிரை முன்னங்கால்களை உயர்த்தி நிற்கின்றது. ஆறு வயது நிரம்பியும் நிரம்பாத அவன் மகனையும் அவ்வாறே பாயும் குதிரைமீது இருத்தியிருக்கின்றார் ஓவியர். அச்சிறுவன் உண்மையில் அவ்வாறு குதிரையை அடக்கினானா என்பது இங்கு கேள்வியன்று. வலிய விலங்கொன்று மெல்லிய கைக்குப் பணிவதுபோல, நாடும் மக்களும் பணியவேண்டும், அதுவும் பிறப்பினாலேயே பணியவேண்டும் என்பதே அவ்வோவியங்கள் ஓதும் பாடம். எமது பொற்கண்ணாடியிலே பின்னணி முழுக் கருமையாக இருப்பதும் இக்கருத்துக்கு இசைவானது. இலாயம் இல்லை, சாணம் அள்ளுபவன் இல்லை, விடியுமுன் எழுந்து குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டும் குதிரைக்காரன் இல்லை, இலாடம் அடித்த கொல்லன் இல்லை. உழைத்தவர் எல்லாரும் அந்தக் கறுப்புப் பூச்சுக்குள் மறைந்துவிட்டனர்.

இங்கே ஒரு முரண்பாட்டையும் நாம் எதிர்கொள்ளவேண்டும். செனபோன் தொடங்கி கெரினியேர் வரை இக்கலையின் நல்லாசிரியர்கள் வற்புறுத்தியது பொறுமையை. அச்சத்தினாற் பெறும் பணிவு பயனற்றது. குதிரையின் உடலமைப்பை அறிந்து, சிறிது சிறிதாகத் தசையைப் பலப்படுத்தி, அது விளங்கிக்கொண்டபோது கையைத் தளர்த்திப் பாராட்டவேண்டும் என்பது அவர்கள் நெறி. குதிமுள்ளும், வாயை இறுக்கும் நீண்ட கடிவாள இரும்பும் அவர்களிடமும் இருந்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. எனினும் அவர்களுக்கு முற்பட்ட முரட்டு முறைகளோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே. அதே பிரான்சிலோ, 1738 முதல் நாடெங்கும் குடியானவர்கள் கூலியின்றி அரச வீதிகளை அமைக்கும் கட்டாய ஊழியத்துக்கு ஆளாக்கப்பட்டனர். ‘தாய்’ எனப்பட்ட நேர்வரியின் சுமை குடியானவர் தலையில் விழுந்தது. பிரபுக்கள் அதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். குதிரையின் முதுகு நோகாதிருக்க நூல் எழுதிய சமுதாயம் குடியானவனின் முதுகை எண்ணிப் பார்க்கவில்லை. இம்முரண்பாட்டுக்காக அந்நூலின் பொறுமையை நாம் இகழ்வதா? இல்லை. அந்தப் பொறுமை விலையுயர்ந்த ஒரு விலங்குக்கு மட்டும் கிடைத்ததே என்பதைத்தான் இகழவேண்டும். பிரம்பைக் கையிலேந்திக்கொண்டு வகுப்பறைக்குள் நுழையும் எம்மையொத்த ஆசிரியர் சிலர், அந்த நிலப்பிரபுத்துவக் குதிரை ஆசானிடம் பாடம் கேட்கவேண்டியவர்களாக இருக்கின்றோம் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கலையின் வரலாறு சிலவேளைகளில் எந்தக் கற்பனையையும் விஞ்சிவிடுகின்றது. கெரினியேர் கற்பித்த இடம் பாரிஸில் துயிலரீஸ் அரண்மனையை அடுத்திருந்த அரச குதிரையேற்றக் கூடம். பதினைந்தாம் லூயியின் இளமைக் காலத்தில் அவனது பயிற்சிக்கென எழுப்பப்பட்ட நீண்டு ஒடுங்கிய மண்டபம் அது. 1789 நவம்பரிலே, வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு வந்த தேசிய சபைக்குப் பெரிய மண்டபம் ஒன்று தேவைப்பட்டபோது, இக்கூடத்திலேயே இருக்கைகளை அமைத்தனர். குதிரைகள் வட்டமிட்ட தரையிலே மக்களின் பிரதிநிதிகள் அமர்ந்தனர். அரசனின் அதிகாரத்தை ஆதரிப்போர் தலைவரின் வலப்புறமும், எதிர்ப்போர் இடப்புறமுமாக வெர்சாயிலே அமரத் தொடங்கிய வழக்கம் இங்கும் தொடர்ந்தது. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ‘இடதுசாரி’ என்னும் பெயரின் வேர் அங்கேதான் உண்டு. 1792 செப்டெம்பர் 21ஆம் நாள் முடியாட்சி ஒழிக்கப்பட்டதும் அம்மண்டபத்திலேயே. பதினாறாம் லூயி குற்றஞ்சாட்டப்பட்டு விசாரிக்கப்பட்டதும் அங்கேயே. முன்னோர் குதிரைமேல் அமர்ந்து ஆளக் கற்ற கூடத்திலே, பின்னவன் குற்றச்சாட்டுகளுக்கு விடையளித்தான்.

ஆனால் இக்காட்சியில் நாம் மயங்கிவிடலாகாது. அதே மண்டபத்தில் வகுக்கப்பட்ட 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, குறித்த அளவு வரி செலுத்தாதோருக்கும் பிறர்வீட்டு ஏவலாளருக்கும் வாக்குரிமையை மறுத்தது. குதிரையேற்றக் கூடம் மக்கள் மன்றமாயிற்று; குதிரைக்காரனோ வாயிலுக்கு வெளியிலேயே நின்றான். முதலாளித்துவப் புரட்சியின் பெருமையும் எல்லையும் இந்த ஒரு மண்டபத்திலேயே தெரிகின்றன. பின்னர் ரிவோலி வீதியை அமைக்கும் பணியில் அம்மண்டபமும் இடிபட்டு மறைந்தது.

வியன்னாவில் கதை வேறு. அங்குள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியின் குளிர்கால மண்டபம் 1729க்கும் 1735க்கும் இடையில், ஆறாம் சார்ள்ஸ் பேரரசன் காலத்தில் கட்டப்பட்டது. 1918இல் பேரரசு வீழ்ந்தது. 1919இல் ஒஸ்திரியக் குடியரசு பிரபுப் பட்டங்களையே சட்டத்தால் ஒழித்தது. எனினும் பள்ளி அழியவில்லை. பிரபுக்கள் போனபின்னும் குதிரையேற்றம் நிலைத்தது. ஏனெனில் அக்கலை பிரபுக்களின் குருதியில் இருந்ததன்று. ஆசானிடமிருந்து மாணவனுக்கு, கையிலிருந்து கைக்கு வந்த உழைப்புத் திறன் அது. பழகிய குதிரை புதிய மாணவனுக்கும், தேர்ந்த ஆசான் புதிய குதிரைக்கும் கற்பிக்கும் முறையிலே அது வாழ்கின்றது. 2008இல் முதன்முறையாகப் பெண்களும் பயிலுநராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 2015இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் இன்றும் மண்டபத்துக்குள் நுழையும் சவாரியாளர்கள் ஆறாம் சார்ள்ஸின் உருவப்படத்துக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் செலுத்துகின்றனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் முடிந்துபோன ஆட்சிக்கு இன்னும் ஒரு வணக்கம்! மரபைக் காப்பது வேறு, மரபைக் காத்தவனென எண்ணி அரசனை வணங்குவது வேறு. அந்த வணக்கம் இலாயத்தை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும்.

இப்போது அம்மாணவரின் கேள்விக்கு விடை கூறலாம். 1960களின் முற்பகுதியில் ஈழத்திலே மரபு பற்றி எழுந்த பெரும் வாதத்தை மூத்த தலைமுறையினர் அறிவர். மரபைக் கவசமாக்கிப் பாமர மக்களின் பேச்சை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்த முயன்றோரை அன்று முற்போக்காளர் உறுதியுடன் எதிர்த்தனர். அது நியாயமான போர். அப்போரின் வேகத்திலே, பழையது அனைத்தும் பகைவனின் உடைமை என்ற எண்ணமும் எம்மிற் சிலருக்கு வந்துசேர்ந்தது. அந்த எண்ணம் பகைவனுக்கே பயன்படுவது. பொற்கண்ணாடி பிரபுவினுடையது என்று நாம் சொல்லும்போது, அவன் சொல்லிவந்ததையே நாமும் ஒப்புக்கொள்கின்றோம். அவன் பணம் கொடுத்தான். அதற்கு மேல் அவன் செய்தது யாது? ரேக்கு அடித்தவன் வேறு, கீறியவன் வேறு, குதிரையைப் பழக்கியவன் வேறு. 1920இல் இளைஞர் கழக மாநாட்டிலே லெனின், பாட்டாளி வர்க்கப் பண்பாடு வெறுவெளியிலிருந்து தோன்றாது, மனிதகுலம் சேர்த்துவைத்த அறிவனைத்தையும் கற்றுத் தனதாக்கிக்கொண்டே அது வளரும் என்று இளைஞருக்கு எடுத்துரைத்தது இதனாலேயே.

எனவே கண்ணாடியை உடைக்கவேண்டாம். அதனைத் திருப்பிப் பார்ப்போம். முன்புறத்தின் அழகை மறுக்காமலே பின்புறத்தின் உழைப்பைப் பேசுவதுதான் விமர்சனத்தின் கடமை. வகுப்பறையிலே சங்கப்பாட்டு ஒன்றைக் கற்பிக்கும்போதும் இதுவே செய்யத்தக்கது. கொடுத்த மன்னனின் குதிரையையும் தேரையும் மட்டும் விளக்கி மணியடித்ததும் எழுந்து போகாமல், பசியோடு வந்து நின்ற பாணனையும், தேர் செய்த தச்சனையும் மாணவர் கண்முன் நிறுத்தவேண்டும். இதனைச் செய்யாதவரை, இலக்கியம் கற்பிக்கின்றோம் என்று நாம் சொல்வது முன்புறத்தை மட்டும் துடைத்து வைக்கும் வேலையாகவே முடியும்.

அந்த இரு நிழற்படங்களையும் இப்போது எமது வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கின்றோம். பொற்குதிரையின் படத்தைக் காண மாணவர் முதலில் கூடுகின்றனர். சிறிது நேரத்தின்பின் யாராவது ஒருவர் அருகிலுள்ள கறுப்புப் படத்தைச் சுட்டி, “இது என்ன, ஐயா?” என்று கேட்காமல் இருப்பதில்லை. பாடம் அந்தக் கேள்வியிலேதான் தொடங்குகின்றது.